வயிறு ஒன்று, மண்ணீரல் ஒன்று

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் ஒரு தர்ம வைத்தியசாலை இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். யாருடைய கோபத்தையும் தாங்கும் வயசு எனக்குப் போய்விட்டது. அந்த வைத்தியசாலையில் நான் பத்தொன்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பெயர் காசிநாதன். வருகிற கடிதத்தை ஒரு நோட்டிலும் போகிற கடிதத்தை இன்னொரு நோட்டிலும் பதிவது, கமிட்டி கூடினால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது, நோயாளி வந்து சேர்ந்தால் அவர் கொண்டுவந்த சாமான்களுக்குப் பட்டியல் எடுப்பது, போகும்போது அவற்றைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துக் கைநாட்டு வாங்குவது, இவ்வளவும் என் வேலை.

அந்தச் சாமான் பட்டியலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கமிட்டி வேறு எதில் எப்படி இருந்தாலும் அதில் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தது. ஒரு காலத்தில் யாரோ ஒரு நோயாளியின் செம்பு காணாமல் போய், அவருடைய சொந்தக்காரர்கள் தலைவர் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்களாம். அன்று முதல், உள்ளே வந்தது எதுவும் குறையாமல் வெளியே போக வேண்டும் என்று விதி. என் காலத்தில் ஒரு துரும்பும் குறைந்ததில்லை.

நாற்பத்தேழாம் வருஷம் வைகாசி மாதம் உத்திராபதி வந்தார். குன்னத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். மூன்று காணி நிலம். பருத்தியும் சோளமும் போடுவார். வயசு நாற்பத்தைந்து. மூன்று மாதமாகச் சோறு இறங்கவில்லை. இரண்டு கவளம் உள்ளே போனால் அரை நாழிகையில் திரும்பி வந்துவிடும். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினாள். நான் பட்டியல் எடுத்தேன்: வேட்டி இரண்டு, துண்டு ஒன்று, பித்தளைச் செம்பு ஒன்று, வெற்றிலைப் பை ஒன்று, வெள்ளி அரைஞாண் ஒன்று. அரைஞாணைக் கழற்றும்போது கவனித்தேன். அது அவர் இடுப்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தி எங்கள் ரண சிகிச்சைக்காரர். முப்பத்துநாலு வயசு, பம்பாயில் இரண்டு வருஷம் பெரிய டாக்டர்களுக்குக் கை கொடுத்துப் பழகியவர். அவர் உத்திராபதியின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கழுத்தைத் தடவினார். பிறகு கொளஞ்சியம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, வயித்தோட மேல்பக்கம் புத்து வச்சிருக்கு. பதினஞ்சு நாளைக்குள்ள திறந்தா எடுத்துடலாம். தள்ளிப் போச்சுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

இந்த விவகாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி பேசிய தெளிவான பேச்சு அது ஒன்றுதான். அதைக் குறிப்பில் எழுத இடம் இல்லாததால் நான் எழுதவில்லை.

பெரிய அறுவைக்கு இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு. முன்பு ஒரு சமயம் ஒற்றைக் கையெழுத்தில் ஒருவருடைய காலை எடுத்து, எடுக்க வேண்டியது மற்றக் கால் என்று பிறகு தெரிந்ததால் ஏற்பட்ட விதி. ஆகவே காகிதம் இரண்டாவது டாக்டரான தர்மராஜிடம் போனது. அவர் அந்தத் தாலுகாவில் பதினைந்து வருஷமாக மலேரியா பார்த்தவர். கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே விரலை விட்டு, காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல்களை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மண்ணீரல்கள். சிலர் தபால் தலை சேர்ப்பார்கள், அவர் இது.

டாக்டர் கிருஷ்ணமூர்த்தியின் காகிதத்தில், வயிற்றையும் அதை ஒட்டியிருக்கும் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பது என்று இருந்தது. நோயின் விதை மண்ணீரலின் வாயில் இருக்கும் முடிச்சுகளில் போய் ஒளிந்துகொள்ளும், அதையும் சேர்த்து எடுத்தால்தான் வேரோடு போகும், இதுதான் இப்போதைய புதுமுறை என்பது அவர் கட்சி. டாக்டர் தர்மராஜ் அந்த ஒரு வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்தார். நோய் படாத உறுப்பை எடுக்க யாருக்கும் உரிமை இல்லை, காய்ச்சல் சீமையில் மண்ணீரல் இல்லாதவன் கதவில்லாத வீட்டில் குடியிருப்பவன் என்பது இவர் கட்சி. இவர் அடித்ததை அவர் திரும்ப எழுதினார். அவர் எழுதியதை இவர் திரும்ப அடித்தார். நாலாவது தடவை காகிதம் அந்த இடத்தில் கிழிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இரண்டு பேருமே நல்ல டாக்டர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அதுதான் உத்திராபதியின் கெட்ட காலம். ஒருவர் முட்டாளாக இருந்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

வார்டு ஆயா முத்தாயி இதைக் கேட்டுக்கொண்டே தரை துடைத்தாள். "பரங்கிக்காய அறுத்தாத்தானே உள்ள எது சொத்தை எது நல்லதுன்னு தெரியும்? அறுக்காமயே ஏன் சண்ட போடுறாங்க?" என்று என்னிடம் கேட்டாள். ஆயாக்களின் அபிப்பிராயத்தைக் குறிப்பில் சேர்க்கும் வழக்கம் இல்லை.

கையெழுத்து ஒத்துவராவிட்டால் கமிட்டிக்குப் போக வேண்டும். கமிட்டி கூட ஏழு முழு நாள் நோட்டீஸ் வேண்டும். ஐந்து அங்கத்தினர்கள்: தலைவர் ராவ் சாகிப் சின்னதுரை, ஒரு வக்கீல், ஒரு மிராசுதார், ஒரு அரிசி மில் முதலாளி, இன்னும் ஒருவர். அந்த இன்னும் ஒருவர் எப்போதும் தூங்குவார். தலைவர் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்று அவர் பேசியதை நான் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

"கனவான்களே, இந்த வைத்தியசாலை ஆரம்பித்த நாள் முதல் நாம் எந்த முடிவையும் அவசரப்பட்டு எடுத்ததில்லை. பல விஷயங்களில் முடிவே எடுத்ததில்லை. அதனால்தான் நம்மேல் இதுவரை ஒரு குற்றமும் இல்லை. அந்த நற்பெயரை ஒரு மண்ணீரலுக்காக நாம் இழக்கலாகாது."

கை தட்டினார்கள். பிறகு டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டு விளக்கினார். மண்ணீரலுக்கு ஒரு பெரிய ரத்தக்குழாய் போகிறது, அதிலிருந்து வயிற்றின் மேல்பக்கத்துக்குச் சின்னக் கிளைகள் பிரிகின்றன, ஆகவே இரண்டும் ஒட்டு உறவு என்றார். அதுவரை பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்த மிராசுதார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது பொது வாய்க்கா விவகாரம்னு சொல்லுங்க. அத மொதல்லயே சொல்லப்படாதா?"

அவ்வளவுதான். கமிட்டிக்கு உயிர் வந்தது. வக்கீல் சட்டையின் கையை மடித்தார். மில் முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்தார். தூங்கியவர்கூடக் கண்ணைத் திறந்து, எந்த ஏரிப் பாசனம் என்று கேட்டார். அந்த ஐந்து பேரும் ஆயுசில் பாதியை வாய்க்கால் வழக்கில் கழித்தவர்கள். உடம்பைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மடை, மதகு, வழிவழியாக வந்த மாமூல் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. கிளை வாய்க்கால் பாயும் வயல் கெட்டுப்போனால் அதற்காகத் தலை மதகை இடிக்கலாமா என்று மிராசுதார் கேட்டார். தலை மதகுக்குக் கீழே தண்ணீரில் உரிமையுள்ள வேறு பாத்தியதைக்காரர்கள் இருக்கிறார்களா என்று வக்கீல் கேட்டார். டாக்டர் தர்மராஜ் ஈரலையும் கணையத்தையும் சொன்னார். அவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்காமல் எப்படித் தீர்மானிப்பது என்று வக்கீல் யோசித்தார்.

மூன்று மணி நேரம் இது நடந்தது. கடைசியில், நிலத்தின் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு மேலே யோசிப்பதென்று தீர்மானம் ஆயிற்று. சொந்தக்காரரால் எழுந்து வர முடியவில்லை. கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் கதவோரத்தில் நின்றாள். மண்ணீரலை வைத்துக்கொள்வதா விடுவதா, உங்கள் தரப்பு என்ன என்று வக்கீல் கேட்டார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. அவருக்குச் சோறு எறங்கணும். அதுக்கு எது தோதோ அதச் செய்யுங்க" என்றாள்.

குறிப்பில் இப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினேன்: "மனைவி திட்டமான அபிப்பிராயம் எதுவும் தெரிவிக்கவில்லை."

டாக்டர் சொன்ன பதினைந்து நாளில் அன்றோடு பதினொன்று போயிருந்தது. மறுநாள் கொளஞ்சியம்மாள் என் மேஜைக்கு வந்து, திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் கூட்டிப் போய்விடுகிறேன் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தலைவரிடம் எடுத்துப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். திருச்சிக்கு எழுதினால் இங்கே முடியாது என்று ஆகும். இங்கே முடியாது என்றால் அறுவை அறையைக் கட்டிக் கொடுத்த பிரபுவின் மனசு புண்படும். அவருடைய படம் அந்த அறையில் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு எப்படி எழுதிக் கொடுப்பது என்று கேட்டார். கொளஞ்சியம்மாளிடம் திரும்பி வந்து, அடுத்த வாரம் முடிந்துவிடும் என்று சொன்னேன். எல்லா வாரமும் அதையேதான் சொன்னேன்.

இரண்டாவது கூட்டத்தில் தழும்பு கிளம்பியது. உத்திராபதியின் இடது விலாவுக்குக் கீழே மூன்று பழைய சூட்டுக் கோடுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு அது உண்டு. குழந்தையில் காய்ச்சல் வந்து மண்ணீரல் வீங்கி வயிற்றில் கட்டி விழுந்தால், இரும்பைக் காய்ச்சி அந்த இடத்தில் சூடு போடுவார்கள். டாக்டர் தர்மராஜ் அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டினார்: மண்ணீரல் ஒரு தடவை தண்டனை அனுபவித்தாகிவிட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதையே தன் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டினார்: மண்ணீரல் ஏற்கெனவே கெட்டது. வக்கீலுக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. இந்த உறுப்பின்மேல் முன்பே ஒரு நடவடிக்கை நடந்திருக்கிறது, அதைச் செய்தவர் யார், எந்த அதிகாரத்தில் செய்தார், அவருடைய வாக்குமூலம் எங்கே என்றார்.

சூடு போட்டவர் கீழப்பழுவூரில் இருந்தார். கொளஞ்சியம்மாள் புருஷனை முத்தாயியிடம் ஒப்படைத்துவிட்டு, பாதி தூரம் வண்டியிலும் பாதி தூரம் நடந்தும் போனாள். அவர் பெயர் வேம்பு. எண்பது வயசு, கண் தெரியாது. உத்திராபதியின் பெயரைச் சொன்னபோது அவருக்கு ஞாபகம் வரவில்லை. தழும்பைச் சொன்னதும் கண்டுகொண்டார். மூன்று கோடு என்றால் தன்னுடையது, நாலு போடுகிறவன் உடையார்பாளையத்துக்காரன் என்றாராம். கட்டி கரைந்தது, பையன் பிழைத்தான், இப்போது என்ன என்று கேட்டாராம். அவள் சொன்னதும், "நான் சூடு போட்டப்ப ரெண்டாவது ஆளைக் கேக்கலயே ஆத்தா" என்றாராம். ஒரு காகிதத்தில் பெருவிரலை அழுத்திக் கொடுத்தார். எட்டு நாள் ஆயிற்று. அது முத்திரைத் தாளில் இல்லாததால் கமிட்டி அதைப் பதிவு மட்டும் செய்துகொண்டது.

நான் அந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்துத் துளை போட்டு நூல் கோத்தேன். கோப்பு அப்போது ஒரு சாண் கனம் வந்துவிட்டது. உத்திராபதி அதற்கு எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தார். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் கொஞ்சம் நிற்கும். கொளஞ்சியம்மாள் காலையில் கரண்டியை எடுத்தால் வெயில் ஏறும்வரை அதே வேலைதான்.

பிறகு ஆடி பிறந்தது. ஆடியில் நல்ல காரியம் எதையும் ஆரம்பிப்பதில்லை என்று மில் முதலாளி சொன்னார். இது நல்ல காரியமா என்று வக்கீல் ஐயம் கிளப்பினார். மண்ணீரலை எடுப்பது நல்ல காரியம் அல்ல, ஆகவே ஆடியில் செய்யலாம் என்று டாக்டர் தர்மராஜ் சொல்ல ஆரம்பித்து, தன் கட்சிக்கே குழி தோண்டுகிறோம் என்று தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். முடிவில், ஸ்தல பார்வை பார்ப்பதற்கு ஆடி தடையில்லை என்று தீர்ந்தது.

வாய்க்கால் வழக்கில் ஸ்தலத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை அல்லவா? ஐந்து அங்கத்தினர்களும் அங்கவஸ்திரத்தோடு வார்டுக்கு வந்தார்கள். தூங்குகிறவர்கூட வந்தார். உத்திராபதியின் துணியை விலக்கி ஒவ்வொருவராக வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். மிராசுதார் விலாவிலிருந்து தொப்புள்வரை விரற்கடை போட்டு அளந்தார். மேல்மடை எது, கடைமடை எது என்று டாக்டர்களைக் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். தலைவர் குனிந்து, உன் வாய்க்கால் பாத்தியதைக்கு எந்தப் பங்கமும் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று தைரியம் சொன்னார்.

உத்திராபதி அதிகம் பேசாத மனுஷர். அன்று கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கிச் சொன்னார். "எங்க ஊர்ல வாய்க்காலே கெடயாதுங்க. வானம் பாத்த பூமி. மழ பேஞ்சா உண்டு, இல்லன்னா இல்ல. எனக்கு வாய்க்கா சட்டம் பொருந்துமாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் மட்டும் இது புதிய வாதம் என்று என் பக்கம் திரும்பி, குறித்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் போன பிறகு கொளஞ்சியம்மாள் துணியை இழுத்து மூடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே போய்க் குறிப்பை எழுதி முடித்தேன்.

மானாவாரிக்காரனுக்கு வாய்க்கால் சட்டம் பொருந்துமா என்பது தங்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது என்று கமிட்டி நினைத்தது. ஆகவே சென்னையில் இருந்த ஒரு பெரிய ரண வைத்தியருக்கு எழுதிக் கேட்பதென்று தீர்மானம். இரண்டு டாக்டர்களும் தங்கள் கட்சியை ஆளுக்குப் பதினேழு பக்கம் எழுதினார்கள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி கடைசிப் பக்கத்தில், இந்த ஜில்லாவில் வயிறும் மண்ணீரலும் சேர்த்து எடுத்த முதல் ஆள் என்ற பெயர் தனக்கு வந்தால் சீமைப் படிப்புக்கு உபயோகமாக இருக்கும் என்றும் சேர்த்திருந்தார். டாக்டர் தர்மராஜ், தன் கணக்கில் அளந்து வைத்த மண்ணீரல் ஒன்றையும் இதுவரை இழந்ததில்லை என்று முடித்திருந்தார். நான் நகல் எடுக்கும்போது உத்திராபதியின் பெயரைத் தேடினேன். முதல் பக்கத்தில் ஒரு தடவை இருந்தது.

பதில் ஆகஸ்டு நாலாம் தேதி வந்தது. மூன்றே வரி. தேதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் உறையைப் பிரித்து முத்திரை குத்திப் பதிந்தவன் நான். "வயிற்றை உடனே திறக்கவும். மண்ணீரல் ஒட்டியிருந்தால் எடுக்கவும், இல்லாவிட்டால் விடவும். இதைத் திறந்தவர் அங்கேயே பார்த்து முடிவு செய்வார்; வெளியே இருந்து யாரும் செய்ய முடியாது."

பரங்கிக்காய்தான். முத்தாயி வைகாசியில் சொன்னதைச் சென்னை ஆடியில் சொன்னது.

கமிட்டிக்கு வரும் கடிதத்தைக் கமிட்டிக்கு முன் யாருக்கும் காட்டக்கூடாது என்பது விதி. கமிட்டிக்கு ஏழு முழு நாள் நோட்டீஸ் வேண்டும் என்பது விதி. நோட்டீஸில் கையெழுத்திட வேண்டிய தலைவர் அந்த வாரம் சுதந்திரத் திருநாள் ஏற்பாட்டில் இருந்தார். வெள்ளைக்காரர்கள் கொடுத்த ராவ் சாகிப் பட்டத்தைத் துறப்பதா, துறந்தால் பெயர்ப் பலகையை என்ன செய்வது என்ற கவலை அவருக்கு. டாக்டர்கள் இருவரும் தினமும் என் அறையைத் தாண்டிப் போனார்கள். கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கூப்பிட்டு நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என் வேலை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நான் நீட்டவில்லை.

பதினைந்தாம் தேதி காலையில் கொடி ஏற்றினோம். நடக்க முடிந்த நோயாளிகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். உத்திராபதிக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, இனிக்குது என்றார். விழுங்க முடியவில்லை. கொளஞ்சியம்மாள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி கமிட்டி கூடிக் கடிதத்தைப் படித்தது. வக்கீலுக்கு ஒரே ஏமாற்றம். இது பதிலே அல்ல, பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரம், ஒட்டியிருந்தால் எடு இல்லாவிட்டால் விடு என்று சொல்வதற்குச் சென்னை எதற்கு என்றார். அப்போது தலைவர் எழுந்தார். நாடு விடுதலை அடைந்த இந்த நல்ல வேளையில் இரு கட்சிக்கும் மனத்தாங்கல் இல்லாமல் சமரசம் செய்வது தம் கடமை என்றார். வாய்க்கால் வழக்கில் தாம் நாற்பது வருஷமாகக் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு என்றார். பிறகு சொன்னார்.

"ஆளுக்குப் பாதி. மண்ணீரலில் பாதியை எடுப்பது, பாதியை விடுவது."

இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். மண்ணீரல் கிழிந்தால் ரத்தம் நிற்காது, ஆள் மேஜையிலேயே போய்விடுவான் என்று ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தார். அங்கேயே, அந்த மேஜையிலேயே, சென்னைக் கடிதத்தின்படி செய்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தன் சமரச முயற்சி பலித்ததாகத் தலைவர் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

மறுநாள் காலையில் உத்திராபதியை அறுவை அறைக்குத் தூக்கிப் போனோம். தூக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்படவில்லை. முத்தாயி ஒருத்தியே போதும் என்றாள். கொளஞ்சியம்மாள் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றாள். அதற்குள் ஒரு தடவை என்னிடம் வந்து, முடிந்ததும் முதலில் கஞ்சி கொடுப்பதா, இல்லை மோரா என்று கேட்டாள். டாக்டர் சொல்வார் என்றேன்.

அரை மணி நேரத்தில் கதவு திறந்துவிட்டது. மூன்று மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு டாக்டர்களும் வெளியே வந்து பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வயிறு, மண்ணீரல், ஈரல், குடல் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிருந்தது, எதை எங்கே வெட்டுவது என்றே தெரியவில்லை, திறந்த கையோடு அப்படியே மூடிவிட்டோம் என்று டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சொன்னார். வைகாசியில் திறந்திருந்தால் என்று டாக்டர் தர்மராஜ் ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை இந்தத் தடவை யாரும் முடிக்கவில்லை.

கொளஞ்சியம்மாளிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. அதற்கு விதி எதுவும் இல்லாததால் நான் சொன்னேன். அவள் அழவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். தையல் ஆறியதும் போகலாம் என்றேன். "சீட்டு வேணுமாங்க?" என்று கேட்டாள். இதற்கு வேண்டாம் என்றேன்.

கமிட்டி அவசரமாகக் கூடியது; இந்தத் தடவை ஏழு நாள் நோட்டீஸை விலக்க ஒரு விதி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நடந்ததைக் கேட்ட வக்கீல் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். இந்த நோயாளியின் உறுப்புகளைப் பற்றி மூன்று மாதம் கோப்பு நடந்திருக்கிறது; நாளைக்கு யாராவது வந்து ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது என்று சொன்னால்? செம்புக்கே மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆகவே சாமான் பட்டியலில் அவற்றையும் சேர்த்துக் கைநாட்டு வாங்கிவிடுவது நல்லது. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டார்கள். மண்ணீரலை முழுசாகக் காப்பாற்றிய டாக்டர் தர்மராஜுக்கும், தைரியமாக வயிற்றைத் திறந்த டாக்டர் கிருஷ்ணமூர்த்திக்கும் நன்றித் தீர்மானம் நிறைவேறியது. டாக்டர்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

பத்தாம் நாள் ஒரு கூண்டு வண்டி வந்தது. உத்திராபதியை வைக்கோல்மேல் படுக்க வைத்திருந்தார்கள். நான் சாமான்களை எடுத்துக்கொண்டு வண்டிக்கே போனேன். கொளஞ்சியம்மாள் அரைஞாணை வாங்கி அவர் இடுப்பில் கட்டிப் பார்த்தாள். அது வழுக்கி இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கியது. இரண்டாக மடித்துச் சுற்றி, தன் புடவையிலிருந்து ஒரு நூலை உருவி முடிந்துவிட்டாள்.

நான் காகிதத்தை நீட்டினேன். அவள் பெருவிரலில் மை தடவினேன். அவள் விரலைத் தாளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மூன்று மாதத்தில் எத்தனையோ தாளில் கைநாட்டு வைத்தவள். ஒரு தடவையும் கேட்டதில்லை. படித்தேன். வேட்டி இரண்டு, துண்டு ஒன்று, பித்தளைச் செம்பு ஒன்று, வெற்றிலைப் பை ஒன்று, வெள்ளி அரைஞாண் ஒன்று, வயிறு ஒன்று, மண்ணீரல் ஒன்று, மேற்படி யாவும் குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்.

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். விரலை அழுத்தினாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குங்க. அவரு எந்த வரிசையில வராரு?"

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேலி தெரியாது. பட்டியலில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். நான் தாளை மடித்தேன். வண்டி கிளம்பிக் குன்னம் ரோட்டில் திரும்பியது.

புரட்டாசி நடுவில் அவர் காலமான செய்தி வந்தது. அந்தக் கோப்பு முடிவடையவில்லை. மானாவாரிக்காரருக்கு வாய்க்கால் சட்டம் பொருந்துமா என்ற வக்கீலின் கேள்விக்கு இன்னும் பதில் வராததால் நிலுவையில் கிடந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று என் பொறுப்பில் இருந்தவற்றை அடுத்த குமாஸ்தாவிடம் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன். மை புட்டி இரண்டு, ரூல் தடி ஒன்று, துளை போடும் ஊசி ஒன்று, கோப்புகள் நூற்றிப் பதினாலு. ஒன்றும் குறையவில்லை. கையெழுத்துப் போடும்போது எனக்கு அவள் கேட்டது ஞாபகம் வந்தது. அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை நானும் அவரை ஒரு தடவை தேடிப் பார்த்தேன்.